இரண்டாம் முறை உருண்ட பகடை



தருமர் சூதில் நாடிழந்த கதையை அறியாதார் இல்லை. அவர் இருமுறை ஆடினார் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். முதல் ஆட்டத்தில் இழந்தவை, திரௌபதி கேட்ட வரத்தாலும் திருதராட்டிரன் இசைவாலும் திரும்பக் கிடைத்தன. இந்திரப்பிரத்தம் செல்லும் வழியிலேயே மறுபடி அழைப்பு வந்தது, போனார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாத வாசமும் அந்த இரண்டாம் ஆட்டம் தந்தவையே.

அந்த வழியில் நடந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து கிள்ளான் திரும்பும் இரயிலில், கைப்பேசியில் சூதாடத் தொடங்கினேன். மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணம் கரைந்தது. குடும்பத்தார் கடனை அடைத்தனர். சந்நிதியில் சத்தியம் செய்தேன். நான்கு மாதம் கழித்து, ஒரு சம்பள நாளன்று மீண்டும் ஆடினேன். "சத்தியமே போய்விட்டது, இனி என்ன?" என்ற எண்ணம் விடியும்வரை என்னை ஆட வைத்தது.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கோர்டனுடன் 1985-இல் தொகுத்த நூலில், இந்த எண்ணமே பெரும் ஆபத்து என்று விளக்குகிறார். சறுக்குவது வேறு, முழுவதும் வீழ்வது வேறு. ஆசை கடலலை போன்றது. எழும், உச்சம் தொடும், தானே தணியும் என்பதும் அவர் காட்டிய வழி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியல், இணையவழிச் சூதாட்டத்தைத் தனியே குறிப்பிடுகிறது. ஆகவே இதை மறைப்பதைவிடச் சிகிச்சை தேடுவதே அறிவுடைமை.

நான் கடைப்பிடிப்பவை நான்கு:

1. சம்பளம் என் துணைவியார் பொறுப்பில் இருக்கிறது.

2. எனக்குச் சோதனையான நேரம் சம்பள நாள் மாலை. அன்று மைத்துனர் என்னுடன் பயணம் செய்கிறார்.

3. ஆசை எழுந்தால் கைப்பேசியைப் பையில் வைத்து ஐந்தெழுத்தை ஓதுகிறேன். சுபாங் ஜெயாவில் எழுந்த அலை பெரும்பாலும் பாடாங் ஜாவாவுக்குள் தணிந்துவிடும்.

4. சறுக்கினால் அன்றிரவே வீட்டில் சொல்லிவிடுவது. சொல்ல ஆளில்லாதவர் 1970 முதல் இயங்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழைக்கலாம், எந்நேரமும் பேசுவார்கள்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் மீண்டு வந்திருந்தால், கடன் தீர்ந்ததென்று கைவிட்டுவிடாதீர்கள். அழைப்பு மறுபடி வரும். அப்போது அவர் தனியே இராதபடி உடனிருங்கள். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.