நெஞ்சு மேல 60 கிலோ

போன வருஷம் ஒரு சாயங்காலம், அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடி ஜிம்ல, 60 கிலோ பார் என் நெஞ்சு மேல உட்கார்ந்துட்டு எழுந்திரிக்க மாட்டேன்னுடுச்சு. ரெண்டு பக்கமும் காலர் டைட்டா போட்டிருந்தேன். ஸ்பாட்டர் கிடையாது. ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு ஓடினதால நான் கத்தினது யாருக்கும் கேக்கல. எஸ்டேட்ல ஷிப்ட் முடிச்சிட்டு வர்ற ஒரு அண்ணன் கண்ணாடியில பார்த்துட்டு ஓடிவந்து தூக்கினார். திட்டல. "தம்பி, டெய்லி எவ்ளோ போடுற?"ன்னு மட்டும் கேட்டார்.

டெய்லி 60தான் போட்டுப் பார்ப்பேன். மூணு மாசமா அதே 60. ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. நீங்களும் இப்படி ஒரு நம்பர்ல மாட்டியிருந்தா, இது உங்களுக்குத்தான்.

முதல்ல உயிர். தனியா பென்ச் போட்டா காலர் போடாதீங்க. மாட்டிக்கிட்டா ஒரு பக்கம் சாய்ச்சா பிளேட் கீழ விழுந்துடும். சத்தம் வரும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, பரவாயில்ல. கட்டைவிரலைச் சுத்திப் போடாம பாரைப் பிடிக்கிற ஸ்டைலும் வேணாம். பார் வழுக்கினா கழுத்துலதான் விழும். பக்கத்துல யாராவது இருந்தா, "அண்ணா, ஒரு நிமிஷம் பார்த்துக்கோங்க"ன்னு கேக்க வெட்கப்படாதீங்க.

அடுத்தது டெக்னிக். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில ஹரியானாவைச் சேர்ந்த சுதீர் பாரா பவர்லிஃப்டிங்ல தங்கம் வாங்கினார். போலியோவால கால் பாதிக்கப்பட்டவர். தூக்கினது 212 கிலோ, அவர் உடல் எடையைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல. பாரா பவர்லிஃப்டிங்ல இருக்கிறது பென்ச் பிரஸ் மட்டும்தான். காலும் பென்ச் மேலயே இருக்கும், அதனால தரையை உதைக்க வழியில்ல. பார் நெஞ்சுல வந்து அசையாம நின்னு, அப்புறம்தான் மேல போகணும். (நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் காமன்வெல்த் தங்கம் வாங்கினது வெயிட்லிஃப்டிங்ல. அதுல பென்ச் பிரஸ்ஸே கிடையாது. பல பேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க.)

அந்த வீடியோ பார்த்த பிறகுதான் என் தப்பு எனக்குத் தெரிஞ்சது. நான் பாரை நெஞ்சுல பந்து மாதிரி அடிச்சு எழுப்பிக்கிட்டு இருந்தேன். அந்தத் துள்ளல் போனதும் 60 இல்ல, 50தான் என் பலம்.

மொமென்ட் ஞாபகம் இருக்கா? முதல் வருஷ மெக்கானிக்ஸ். பார் கீழ இருக்கும்போது மார்போட அடிப்பகுதிக்கு நேரா இருக்கு, அதாவது தோள் மூட்டுல இருந்து தள்ளி. மேல லாக் ஆகும்போது தோளுக்கு நேரா இருக்கு, அங்க மொமென்ட் ஆர்ம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால பார் நேர்கோட்டுல போகக்கூடாது. தள்ளும்போது கொஞ்சம் முகத்துப் பக்கமா, சாய்வா போகணும். முழங்கையை டி மாதிரி முழுசா விரிச்சா தோள் வலிக்க ஆரம்பிக்கும். உடம்போட ஒரு 60 டிகிரில வைங்க. தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னாடி இழுத்து பென்ச்சுல பூட்டிடுங்க. நமக்குக் கால் தரையில இருக்கு, அதை ஆட்டிக்கிட்டு இருக்காம தரையை அழுத்துங்க.

இப்ப கணக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். உங்க மேக்ஸ் 60ன்னா, முதல் நாள் 47.5ல அஞ்சு அஞ்சா மூணு செட். மூணு நாள் கழிச்சு 40ல ஆறு ஆறா நாலு செட், ஆனா ஒவ்வொண்ணும் நெஞ்சுல ரெண்டு செகண்ட் நிக்கணும். இந்த ரெண்டாவது நாள் பார்க்க ஈஸியா தெரியும். நாலாவது செட்ல புரியும். எல்லா எண்ணிக்கையும் முடிஞ்சாதான் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏத்தணும். ஒரே எடையில ரெண்டு வாரம் தோத்தா பத்து சதவீதம் இறக்கிட்டு மறுபடி ஏறுங்க. பென்ச் எவ்ளோ செட் போடுறீங்களோ அவ்ளோ செட் ரோவிங்கும் போடுங்க. முதுகு இல்லாம பென்ச் நிக்காது.

மேக்ஸ் டெஸ்ட்? எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. பசங்க முன்னாடி 40 கிலோ போடுறது ஒரு மாதிரி அவமானமாத்தான் இருக்கும்.

ஒரு சின்ன சிக்கல். எங்க ஜிம்ல 2.5 கிலோதான் இருக்கிறதுலயே சின்ன பிளேட். ரெண்டு பக்கமும் போட்டா 5 கிலோ தாவணும். அதனால 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி நானே வாங்கி, லேப்டாப் பையில போட்டு ஆவடி லோக்கல்ல தூக்கிட்டுப் போறேன். இன்னொண்ணு, பாரையும் எடை போட்டுப் பாருங்க. போட்டி பார் 20 கிலோ. எங்க ஜிம் பாரை வெயிட் மெஷின்ல வச்சா 14 காட்டுச்சு. ஆக அன்னிக்கு என் நெஞ்சு மேல இருந்தது 54தான்! அதே பார்ல போன மாசத்தைவிட ஏறுதான்னு மட்டும் பார்த்துக்கிறேன்.

சாப்பாடு பத்திப் பெருசா இல்ல. கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன், அதாவது 62 கிலோ ஆளுக்கு நாளைக்கு 100 கிராம் பக்கம். ஒரு முட்டையில 6 கிராம். காய்ஞ்ச மீல்மேக்கர் 100 கிராம்ல 50க்கு மேல. வே டப்பா வாங்குற காசுக்கு இது ரொம்ப நாள் வரும்.

செமஸ்டர் எக்ஸாம் வந்தா விட்டுடாதீங்க. வாரத்துல ஒரு நாள், ரெண்டு செட், அதே எடை. ரெண்டு மூணு வாரத்துல பலம் எங்கேயும் ஓடிடாது. ஆனா நைட்டு முழுக்கக் கண்ணு முழிச்சிட்டுக் காலையில போய் ஹெவியா போடாதீங்க. நான் அன்னிக்கு மாட்டினது ரெண்டாவது இன்டர்னலுக்கு அடுத்த நாள்.