பழைய லாரிகளில் ஆல்டர்னேட்டர் பொருத்துதலும் கம்பிகளை மாற்றுதலும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், எருவும் விதையும் ஏற்றிவரவும் பழைய லாரிகளைப் பழுது பார்த்து உபயோகிக்கும் நிலச்சொந்தக்காரர்கள் உண்டு. இவ்வண்டிகளுட் பல டைனமோ பொருத்தியவை. என்ஜின் மெதுவாக ஓடுகையில் டைனமோ போதிய மின்சாரம் தருவதில்லை. ஆகவே, இரவில் பாரத்துடன் நின்று நின்று செல்லும் லாரியில் விளக்குகள் மங்கும். மறுநாட் காலையில் என்ஜினைச் சுழற்றப் பாட்டரிக்கு வலுவிராது.

ஆல்டர்னேட்டர் இக்குறையை நீக்கும். அது உண்டாக்கும் மாறு மின்சாரத்தை அதனுள்ளிருக்கும் டையோடுகள் நேர் மின்சாரமாக்குகின்றன. பாட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாயாமலும் தடுக்கின்றன. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் 1960-ஆம் ஆண்டில் வேலியண்ட் மோட்டாரில் இதனைப் பொருத்தினர். பின்னர் லாரிகளிலும் இது வழக்கத்துக்கு வந்தது.

ஆனால், யந்திரத்தை மாத்திரம் மாற்றிப் பழைய கம்பியை விட்டுவைத்தல் பெரும் அபாயமாகும். 1960-களில் பல பிரிட்டிஷ் வண்டிகளிலிருந்த லூகாஸ் ஸி40 டைனமோ 22 ஆம்பியர் தரவல்லது. அதனிடத்தில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வைப்பதாகக் கொள்வோம். பழைய செம்புக் கம்பி 4 சதுர மில்லிமீட்டர் பருமனும் 5 மீட்டர் நீளமும் உள்ளதாயின், 22 ஆம்பியரில் அதிற் குறையும் அழுத்தம் ஏறக்குறைய அரை வோல்ட். வெப்பமாகும் சக்தி 10 வாட். 60 ஆம்பியரிலோ குறைவு 1.3 வோல்ட், வெப்பம் 77 வாட். மின்னோட்டம் மூன்று மடங்கிற்கும் குறைவாகவே பெருகினும், வெப்பம் ஏழு மடங்கிற்கு மேற்படுகிறது. பழைய ரப்பர் உறை உருகித் தீப்பற்றினால், வைக்கோல் ஏற்றிய வண்டியும் அது நிற்கும் களமும் சேதமாகும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியிட்டால் அதே 60 ஆம்பியருக்கு அழுத்தக் குறைவு 0.3 வோல்ட் அளவே.

12 வோல்ட் லாரியில் வேலை செய்யவேண்டிய முறை வருமாறு:

1. பாட்டரியின் எர்த் இணைப்பை முதலிற் கழற்றுதல் வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை செய்யப்பெற்ற பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாஸிடிவ் முனையே சேஸிஸுடன் சேர்ந்திருக்கும். அதனை நெகடிவ் எர்த்தாக மாற்றிய பின்னரே ஆல்டர்னேட்டரை இணைக்கலாம். தவறினால் டையோடுகள் உடனே கெடும். பெட்ரோல் வண்டியாயின் இக்னிஷன் காயிலின் சிறு கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றவேண்டும்.

2. டைனமோவின் ரெகுலேட்டர் பெட்டியையும் பழைய சார்ஜ் கம்பியையும் நீக்குதல் வேண்டும்.

3. ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பியை நேரே இழுத்து, பாட்டரிக்கு அருகில் 80 ஆம்பியர் பியூஸ் வைத்தல் வேண்டும். எங்கேனும் கம்பி சேஸிஸில் உராய்ந்தால் பெருமின்சாரம் பாட்டரியிலிருந்தே பாயுமாகையால், பியூஸ் இருக்கவேண்டிய இடம் அதுவே.

4. பழைய அம்மீட்டர் 60 ஆம்பியரைத் தாங்காது. அதன் இரு கம்பிகளையும் ஒன்றாக இணைத்து, அவ்விடத்தில் வோல்ட் மீட்டர் வைப்பது நலம். விளக்குகளுக்குச் செல்லும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குப் பாட்டரியண்டை தனியே 30 ஆம்பியர் பியூஸ் தேவை.

5. என்ஜின் ரப்பர் மெத்தைகளின்மேல் இருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் இடையே செம்புப் பட்டை அவசியம். சேரும் இடத்திற் பெயிண்டும் துருவும் சுரண்டப்பெறவேண்டும்.

6. கம்பி இரும்புத் தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையமிடுதல் வேண்டும். புகைக்குழாயருகே கம்பியைக் கொண்டுபோதல் கூடாது.

வேலை முடிந்தபின் பரீட்சிப்பது எளிது. முழுதும் சார்ஜான பாட்டரி, என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். எல்லா விளக்குகளையும் ஏற்றி, ஆல்டர்னேட்டரின் பாஸிடிவ் முனைக்கும் பாட்டரியின் பாஸிடிவ் முனைக்கும் இடையே அளந்தால், வேறுபாடு 0.3 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் ஏதோவோர் இணைப்பு தளர்ந்துள்ளதென்றறியலாம். என்ஜின் ஓடுகையிற் பாட்டரியைக் கழற்றினால் அழுத்தம் திடீரென உயர்ந்து டையோடுகளைக் கெடுக்குமாதலால், அதனை ஒருபோதும் செய்யலாகாது.

வாய்க்காலை அகலப்படுத்தாமல் மதகை மாத்திரம் பெரிதாக்கினால் கரை உடைவது திண்ணம். ஆகவே, ஆல்டர்னேட்டர் வாங்குவோர் கம்பிக்கும் பியூஸுக்கும் ஆகும் செலவையும் முன்னதாகவே ஒதுக்கி வைத்தல் உத்தமம்.