இலைக்காக வளர்க்கும் செடி

சென்ற விடுமுறையில் என் அறைக்கு வந்திருந்த சங்க நண்பர் ஒருவர், வீட்டின் வடபுறத்தில் நான் குனிந்து நின்று ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "என்ன ஐயா, இந்தக் குளிரில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டுவிட்டீரா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்த இலைக்கு வெற்றிலையின் வடிவம்தான். நரம்புகளும் காம்பிலிருந்து வளைந்து நுனியில் சென்று கூடுகின்றன. ஆனால் அது கொடி அன்று. தரையிலிருந்தே கொத்தாகக் கிளம்பித் தூர் கட்டும் செடி. அதன் பெயர் ஹோஸ்டா. சில வகைகளில் இலை நம் கட்டைவிரல் அளவே இருக்கும். சில வகைகளிலோ சேம்பின் இலையையும் மிஞ்சும்.

"பூ எப்போது வரும்?" என்று அடுத்தபடியாகக் கேட்டார். ஆனி, ஆடியில் வரும், ஆனால் அதற்காக யாரும் வளர்ப்பதில்லை என்றேன். நண்பருக்குச் சப்பென்று போய்விட்டது. பூவுக்கோ, காய்க்கோ, கிழங்குக்கோ அல்லாமல் இலையின் நிறத்திற்காகவே ஒரு செடியைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது அவருக்குப் புதிய செய்தி. அவருக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் வீடு வளாகத்திலிருந்து இறங்கும் பாதையில் தேவதாரு மரங்களின் நிழலில் உள்ளது. வீட்டுக்கார அம்மையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபது வயதைக் கடந்தவர். நான் அவரை மாதாஜி என்பேன். அவர் என்னைப் பேட்டா என்பார். அவருடைய காலஞ்சென்ற கணவர் வைத்த நீல இலை ஹோஸ்டா ஒன்று சமையலறைச் சன்னலுக்குக் கீழே பெருந்தூராக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் இங்கு ஆராய்ச்சி மாணவனாக வந்தபோது அந்த ஒரு தூரில்தான் எனக்கு இப்பித்து பிடித்தது.

ஹோஸ்டாவின் தாயகம் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகள். ஜப்பானியர் இதனைக் கிபோஷி என்பர். அங்கே பழைய மரப்பாலங்களின் கைப்பிடித் தூண் உச்சியில் கலசம் போன்ற ஓர் அணி வைப்பதுண்டு. இதன் பூமொக்கு அக்கலசத்தைப் போல் இருப்பதால் அப்பெயர். இளங்குருத்தை அவர்கள் கீரையாகச் சமைத்து உண்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நம் விடுதிச் சமையற்காரர் காதில் இது விழாதிருக்கட்டும்! ஹோஸ்டா என்ற பெயரோ ஐரோப்பியர் கொடுத்தது. ஆஸ்திரியத் தாவரவியலாளரும் வைத்தியருமான நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பாரின் நினைவாக 1812-ஆம் ஆண்டில் டிராட்டினிக் என்ற அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். 1817-இல் வேறோர் அறிஞர் இதற்கே பங்கியா என்று பெயரிட்டார். அப்பெயரும் ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கியது. ஜப்பானில் டச்சுக்காரரின் வைத்தியராக இருந்து, 1829-இல் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சீபோல்டு என்ற ஜெர்மானியரே பல ஹோஸ்டாக்களை உயிரோடு ஹாலந்துக்குக் கொண்டு சேர்த்தவர்.

உறவுமுறை சொன்னால் நமக்கு இச்செடி அந்நியமாகத் தோன்றாது. முன்பு இதனை அல்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இன்று தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில், கற்றாழைபோல் வேலியோரம் முள்நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழையின் கிளையில் சேர்த்திருக்கிறார்கள். மாலையில் தொடுக்கும் நிலச்சம்பங்கியும் அதே கிளைதான். பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டாத செடிகள் இவை. ஆனால் உயிரணுவுக்குள் நோக்கினால், பெரும்பாலான ஹோஸ்டாக்களிலும் ஆனைக்கற்றாழையிலும் அறுபது குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் சில மிகப் பெரியவை, ஏனையவை மிகச் சிறியவை. இந்த ஒற்றுமையை 1930-களிலேயே சிலர் கண்டு சுட்டினர். புறத்தோற்றத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அதனைப் பொருட்படுத்தியவர் குறைவு.

வளர்ப்பது கடினமன்று. இலைமக்கு நிறைந்த ஈரமண், காலை வெயில், பிற்பகல் நிழல், இவை போதும். மழைக்காலத்தில் ஓடில்லா நத்தைகள் இரவோடு இரவாக இலைகளைச் சல்லடை ஆக்கிவிடும். மாதாஜி சாம்பலால் வட்டம் போடுவார். ஒரு மழையில் அது கரைந்துபோகும். நான் டார்ச் விளக்கும் உப்புநீர் டப்பாவுமாக இரவு ஒன்பது மணிக்கு இறங்கிவிடுவேன். சரியாகச் செய்ய முடியாதது ஒன்றே ஒன்று: குளிரை உண்டாக்குவது. மார்கழியில் இலையெல்லாம் கரைந்து மண்ணுக்குள் அடங்கி, சில வாரங்களாவது ஐந்து பாகைக்குக் கீழான குளிரில் உறங்கினால்தான் மொக்குகள் வசந்தத்தில் முழு வலிமையோடு கிளம்பும். இதை அறிந்தும் ஆசை காரணமாக ஒரு கன்றைத் தொட்டியில் தஞ்சாவூருக்கு எடுத்துச் சென்றேன். முதலாண்டில் நான்கு இலை விட்டது. அடுத்த ஆண்டு இரண்டு. அதற்கடுத்த ஆண்டு அம்மா தொலைபேசியில், "நீ வைத்துப்போன வெங்காயம் அழுகிவிட்டதப்பா" என்றார்கள். சமவெளியில் இருப்பவர்கள் குரோட்டன்ஸோ கலாடியமோ வளர்ப்பதே உத்தமம். நிறத்தில் அவை இதற்குக் குறைந்தவை அல்ல.

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். நீல இலை என்றேன். உண்மையில் அவ்விலையில் நீல நிறப்பொருள் எதுவும் இல்லை. பச்சை இலையின் மேல் படிந்த மெல்லிய மெழுகுதான் நீலமாகத் தோன்றுகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் பச்சை வெளிப்படும். வெயிலாலும் மழையாலும் மெழுகு தேய்ந்து, ஆவணிக்குள் நீலச்செடி பச்சைச்செடி ஆகிவிடும். ஆதலால் நீல ஹோஸ்டாவின் இலைகளைக் கையால் துடைத்துத் தூசி தட்டுபவரைத் தோட்டத்துக்குள் விடலாகாது.

இருநிற இலையின் கதை இதனினும் விந்தையானது. செடியின் வளர்முனையில் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திய அடுக்குகளாக உள்ளன. எங்கோ ஓர் அடுக்கின் ஓர் அணுவில் திடீர் மாற்றம் ஏற்பட்டு, பச்சையம் உண்டாகும் ஆற்றல் குன்றிவிடுகிறது. அந்த அணுவின் சந்ததி அடுக்கு முழுவதும் பரவினால், அதன்பின் தோன்றும் இலைகளில் வெளியடுக்கிலிருந்து வந்த விளிம்பு ஒரு நிறமாகவும், உள்ளடுக்கிலிருந்து வந்த நடுப்பகுதி வேறு நிறமாகவும் அமையும். ஆக, நாம் ஒரே செடி என்று எண்ணுவதில் வெவ்வேறு மரபுடைய இரண்டு திசுக்கள் ஒரே வேரில் குடித்தனம் நடத்துகின்றன. இத்தகைய செடியைக் கைமேரா என்பர்.

இக்குடித்தனம் எப்போதும் அமைதியாக நடப்பதில்லை. என்னிடம் மஞ்சள் விளிம்பு கொண்ட ஒரு தூர் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அதன் ஓரத்தில் முழுப்பச்சை முளை ஒன்று கிளம்பிற்று. அதற்குப் பச்சையம் மிகுதி, ஆதலால் உணவும் மிகுதி. நான் கத்தியோடு அதனருகே உட்கார்ந்ததைக் கண்டு மாதாஜி, "நன்றாக வளர்வதைப் போய் வெட்டுகிறாயே, பேட்டா!" என்று கடிந்துகொண்டார். வெட்டாவிட்டால் சில ஆண்டுகளில் பச்சை முளை பெருகி, மஞ்சள் விளிம்புள்ளவற்றை நெருக்கித் தின்றுவிடும் என்று விளக்கினேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், பரிசோதனைக் கூடத்தில் படித்தபோது இருந்த உறுதி கையில் கத்தியைப் பிடித்தபோது இல்லை.

புதிய வகைகள் பிறப்பதும் இதே வழியில்தான். 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றில், நீல இலை ஹோஸ்டாக்களின் வரிசையிடையே மஞ்சள் விளிம்புள்ள ஒற்றைச் செடியைப் பிரான்சஸ் வில்லியம்ஸ் என்ற அம்மையார் கண்டெடுத்தார். அவர் பெயராலேயே அது இன்று உலகமெங்கும் வளர்கிறது. 'ஹால்சியன்' என்ற நீல வகையில் தோன்றிய மாற்றமே 'ஜூன்' என்ற புகழ்பெற்ற வகை. இவற்றை விதையால் பெருக்க முடியாது. விளிம்பு நிறச் செடியின் விதையிலிருந்து விளிம்பு நிறச் செடி முளைப்பதில்லை. தூரைப் பிரிக்க வேண்டும். அல்லது திசு வளர்ப்பு முறையில் குடுவைக்குள் பெருக்க வேண்டும். குடுவைக்குள்ளேயே மேலும் புதிய மாற்றங்கள் தோன்றிவிடுவதால் வகைகள் பெருகிவிட்டன. 1968-இல் அமெரிக்க ஹோஸ்டா சங்கம் தொடங்கப்பட்டது. இன்று பதிவான பெயர்கள் பல ஆயிரம். அவற்றுள் பாதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர்ச்சீட்டு இல்லாமல் எவராலும் பிரித்தறிய முடியாது என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் சேர்ப்பது எளிதன்று. வெளிநாட்டிலிருந்து செடியைப் பையில் போட்டுக்கொண்டு வருவது கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணையின்படி அனுமதியும் நலச்சான்றும் வேண்டும். ஆகவே மலைநகரங்களில் ஏற்கெனவே வளர்பவற்றைக் கேட்டு வாங்கியும், மாற்றிக்கொண்டும், ஆங்காங்கே விலைக்கு எடுத்தும் பதினொரு தூர் சேர்த்தேன். அவற்றுள் ஒன்று, ஒரு நர்சரியின் மூலையில் கிடந்த மஞ்சள் இலைச்செடி. அதன் நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சை நிறம், மைத்தாளில் மை ஊறியதுபோல் பரவியிருந்தது. இதுவரை யாரும் காணாத மாற்றம் என்று உள்ளம் துள்ளியது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். அடுத்த வசந்தத்தில் எல்லாத் தூர்களையும் ஒரே கத்தியால் பிரித்து, மூன்று வீடுகளுக்குப் பங்கும் கொடுத்தேன்.

அது புதுமையன்று, நோய். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் கண்டறியப்பட்ட ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்பது அதன் பெயர். நான் மட்டும் ஏமாறவில்லை என்பது ஓர் ஆறுதல். 'பிரேக்டான்ஸ்', 'லெப்பர்ட் ஃபிராக்' என்றெல்லாம் பெயர் சூட்டிப் புது வகைகளாக உலகம் கொண்டாடியவை பின்னர் இந்நோய் கண்ட செடிகள் என்று தெரிந்தன. திசுக்களின் மாற்றத்தால் வரும் நிறம் விளிம்பையும் நடுவையும் தெளிவாகப் பிரித்து நிற்கும். வைரஸால் வரும் நிறம் நரம்புவழிக் கசியும், அவ்விடத்தில் இலை தடித்தோ சுருங்கியோ இருக்கும். இன்று இதனை இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அன்று என் கண்ணுக்கு அது தெரியவில்லை. இந்நோயைப் பெரும்பாலும் பரப்புவது சாறு பட்ட கத்தியும் கையும்தான். தொற்றியபின் அறிகுறி தோன்ற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். மருந்து கிடையாது.

மறு ஆண்டு மழைக்காலத்தில் மேலும் இரண்டு தூர்களில் மை ஊறியபோதுதான் எனக்கு ஐயம் எழுந்தது. எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் சோதனைப் பட்டைகளை வரவழைத்துத் தந்தார். இலைத்துண்டைக் கரைசலில் கசக்கிப் பட்டையை நனைத்தால், நோயில்லாததற்கு ஒரு கோடும், நோயுள்ளதற்கு இரண்டு கோடும் தெரியும். பதினொன்றில் ஏழில் இரண்டு கோடுகள். சமையலறைச் சன்னலுக்குக் கீழிருந்த நீலத்தூர் அந்த ஏழில் ஒன்று. இலையில் ஒரு குறியும் இல்லை. நீல இலையில் அது எளிதில் புலப்படுவதில்லை.

மாதாஜியிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இந்தியில் நோய்க்கும் வைரஸுக்கும் சொல் இருக்கிறது. என்னால்தான் என்பதற்கும் சொல் இருக்கிறது. கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மண்வெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது" என்றார். ஏழு தூர்களையும் வேரோடு தோண்டிப் பைகளில் கட்டி அப்புறப்படுத்தினேன். மண்ணில் எஞ்சிய வேர் மக்கும்வரை அவ்விடத்தில் ஹோஸ்டா வைக்கலாகாது என்பதால் அங்கே இப்போது கொத்தமல்லி இருக்கிறது. பங்கு கொடுத்த மூன்று வீடுகளுக்கும் நேரில் போனேன். ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.

நீங்கள் எந்தச் செடியைச் சேர்ப்பவரானாலும் ஒன்று செய்யுங்கள். ஒரு தூரை வெட்டியபின் அடுத்ததற்குப் போகுமுன் கத்தியைச் சோப்பிட்டுக் கழுவி, வெளுப்புக் கரைசலில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். புதுச்செடியை ஓராண்டு தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தொட்டியின் விலைதான்.

நண்பரிடம் சொல்லாமல் விட்டது இது. நான் வந்த முதல் வசந்தத்தில், அந்த மஞ்சள் செடியை வாங்குவதற்கு முன்னமே, மாதாஜி நீலத்தூரில் ஒரு பங்கைக் கீழ்வீட்டுக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். சென்ற வைகாசியில் அவர்கள் அதிலிருந்து மூன்று முளைகளைத் திருப்பித் தந்தார்கள். நான் இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தொட்டியைத்தான். பட்டையில் ஒரே கோடுதான் வந்தது. எனினும் அதனை இன்னும் மண்ணில் நடவில்லை. வரும் வைகாசியில் மீண்டும் ஒருமுறை சோதிப்பதற்கு இரண்டு பட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.