வண்டிக் கடைக்கு எந்தப் ப்ளக்? கரண்டுக்கும் கணக்கு வைப்போம்



குழுக் கடனில் வண்டி வாங்கி பணியாரம், வடை, டீ, ரோஸ் மில்க் வியாபாரம் செய்யும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். இருக்கன்குடி ஆடி வெள்ளி, விருதுநகர் பங்குனிப் பொங்கல், சிவகாசி சித்திரைப் பொங்கல் என்று விழாவுக்கு விழா வண்டி நகர்கிறது. அடுப்புக்கு கேஸ் இருக்கிறது. கரண்டுக்கு? பக்கத்து வீட்டிலோ பந்தலிலோ ஒரு ஒயரைச் சொருகிக் கொள்கிறோம். மாவு எத்தனை படி, எண்ணெய் எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதுகிற நாம், கரண்டை மட்டும் எழுதுவதில்லை. அந்தப் ப்ளக் எவ்வளவு தாங்கும் என்றும் கேட்பதில்லை. இந்த மாதப் பாடம் அதுதான். வீட்டுக்கும் இதே கணக்குதான்.

வாட்ஸ், யூனிட், ஆம்ஸ்

மூன்று சொல் தெரிந்தால் போதும். ஒரு பொருள் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது வாட்ஸ். மிக்ஸி, கிரைண்டர் எதுவானாலும் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இது போட்டிருக்கும். 1000 வாட்ஸ் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒயருக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற கரண்டின் அளவு ஆம்ஸ். வாட்ஸை 230 ஆல் வகுத்தால் ஆம்ஸ் வந்துவிடும். பில் வருவது யூனிட்டை வைத்து. ப்ளக் எரிவது ஆம்ஸை வைத்து. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நாம் 5 ஆம்ஸ் என்று சொல்லும் சின்னப் ப்ளக்கில் இப்போது 6 என்று போட்டு வருகிறது. அது தாங்குவது 1380 வாட்ஸ் வரைதான். 15 ஆம்ஸ் என்று சொல்லும் பெரிய ப்ளக்கில் 16 என்று இருக்கும். அது 3680 வாட்ஸ் வரை தாங்கும்.

இப்போது வண்டியைப் பாருங்கள். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்ஸ், மிக்ஸி 750, ரோஸ் மில்க் வைக்கும் ஃப்ரீசர் 200, எல்இடி விளக்குகள் 60 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 1160. சின்னப் ப்ளக் தாங்கிவிடும் போலத் தெரிகிறது. ஆனால் மோட்டார் கிளம்பும்போது சில நொடி கூடுதலாக இழுக்கும், அதனால் இதுவே விளிம்புதான். டீக்கு வெந்நீர் போட 1500 வாட்ஸ் கெட்டில் ஒன்றையும் வைத்தால்? மொத்தம் 2660 வாட்ஸ், அதாவது பதினொன்றரை ஆம்ஸுக்கு மேல். கெட்டில் ஒன்று மட்டுமே ஆறரை ஆம்ஸ், சின்னப் ப்ளக்கின் அளவைத் தாண்டிவிடுகிறது.

"அக்கா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஓட்டை இருக்கே, நாலையும் சொருகினா என்ன?" என்று கேட்பீர்கள். நாலு ஓட்டைக்கும் சேர்த்து உள்ளே போவது ஒரே ஒயர். ஓட்டை கூடுவதால் ஒயரின் பலம் கூடாது. பெரிய பின்னைச் சின்ன ஓட்டைக்குள் நுழைக்க உதவும் மாற்றுப் ப்ளக்கும் அப்படித்தான். பின் நுழைகிறது, பாரத்தை யார் தாங்குவது?

வண்டிக்கு 15 ஆம்ஸ் ப்ளக் பாயிண்ட் கேட்டு வாங்குங்கள். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருக்கட்டும். கடையில் "ரெண்டரை ஸ்கொயர்" என்றால் கொடுப்பார்கள். சுருளாகச் சுற்றிவைத்த ஒயரைச் சுருளோடே ஓட்டாதீர்கள், உள்ளேயே சூடு தங்கி உறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், கருகிய வாசனை, எது இருந்தாலும் அந்தப் பாயிண்ட் வேண்டாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கெட்டிக் கம்பி வைத்துக் கட்டுவது நம் ஊரில் வழக்கம். ஃபியூஸ் போனால் பாரம் அதிகம் என்று அர்த்தம். கெட்டிக் கம்பி போட்டால் ஃபியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும்.

டயர் மேல் நிற்கும் வண்டிக்கு எர்த்

வீட்டுக்கு எர்த் தரைக்குள் போகிறது. வண்டியோ ரப்பர் டயர் மேல் நிற்கிறது. உள்ளே ஒரு ஒயர் உரசித் தகரத்தில் பட்டால் கரண்ட் தரைக்குப் போக வழியில்லாமல் வண்டி உடம்பிலேயே நிற்கும். ஈரக் காலோடு தரையில் நின்று வண்டியைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது இறங்கும். அதனால் இரண்டு பின் ப்ளக்கை வண்டிக்குப் பயன்படுத்தவே கூடாது. மூன்று பின்னில் மேலே தடிமனாக, நீளமாக இருப்பதுதான் எர்த். மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும் என்பதற்காகத்தான் நீளம். அதை ஒடித்துவிட்டுச் சொருகுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பச்சை ஒயரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முறுக்கி இணைக்கச் சொல்லுங்கள். கரண்ட் கொடுக்கிற இடத்தில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி ஒன்றை வண்டிக்குள் மாட்டுங்கள். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன் நிறுத்திவிடும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

மேலேயும் பாருங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் கோயில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வண்டிக் கூரை, குடைக்கம்பு, விளக்குத் தோரணம் எல்லாம் கம்பியிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

பொறி

சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சின்னப் பொறி பறக்கும். ப்ளக்கைப் பிடுங்கும்போது கண்ணுக்கே தெரியும். ஒரு பொறி என்ன செய்யும் என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் நைலான் வேண்டாம், பருத்தி உடுத்துங்கள் என்று சொல்வதும் துணி உரசலில் வரும் பொறிக்குப் பயந்துதான். வண்டியில் கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடிவிட்டு வண்டியைத் திறந்து வையுங்கள். ப்ளக் பாயிண்டை சிலிண்டருக்கு எதிர்ப் பக்கம், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் மருந்து வைத்துத் திரி சுற்றுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, அந்த அறையில் எரியும் பல்பின் சுவிட்சும் ஒரு நெருப்புக்குச்சிதான் என்பதை மறக்க வேண்டாம்.

மீட்டரை எண்ணுவது

மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். தேதி வரும், நேரம் வரும். 'கேடபிள்யூஎச்' என்ற எழுத்தோடு வருவதுதான் யூனிட். சின்ன சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும், பக்கத்தில் 3200 என்பது போல ஒரு எண் இருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பொருளை மட்டும் ஓட்டி, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 150 வாட்ஸ் கிரைண்டருக்கு 8 முறை மினுக்கும். 1500 வாட்ஸ் கெட்டிலுக்கு 80 முறை. எல்லாம் அணைத்த பிறகும் மினுக்கினால் எதுவோ ஓடுகிறது, அல்லது கசிகிறது.

எண்ணிப் பார்த்தால் ஒன்று புரியும்: சூடாக்குகிற பொருள்தான் கரண்டைத் தின்கிறது, சுற்றுகிற பொருள் கொஞ்சம், விளக்கு துளி. கெட்டில் மூன்று மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட். கிரைண்டர் இரண்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான். வெந்நீரையும் கேஸிலேயே போடுங்கள் என்பது என் யோசனை.

பக்கத்து வீட்டு ஒயர்

வீட்டு இணைப்பிலிருந்து கடைக்குக் கரண்ட் எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடு. இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், மாட்டிக்கொள்வது கொடுத்த வீட்டுக்காரர். மாட்டாவிட்டாலும் அவருக்கு நட்டம் வரலாம். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1725 ரூபாய், 501 ஆகிவிட்டால் 1958. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. ஆனாலும் நாம் இழுத்த நாலு யூனிட் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது உதாரணம்.

விழாக் கமிட்டி தற்காலிக இணைப்பு வாங்கியிருந்தால் அதிலிருந்தே எடுங்கள். மின்வாரியத்திடம் கேட்க மின்னகம் எண் 94987 94987. கமிட்டி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேட்கும்போது, நாம் எத்தனை யூனிட் எடுத்தோம் என்று தெரியாவிட்டால் பேச வாயில்லை. வண்டிக்குள் ஒரு சப் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். சொருகும்போது ஒரு ரீடிங், கழற்றும்போது ஒரு ரீடிங். இரண்டையும் கமிட்டி ஆளையும் வைத்துக்கொண்டு பார்த்து, நோட்டில் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.