கயிறு இறுகும் நேரத்துக்கு ஒரு புரொப்பெல்லர்

குவீன்ஸ்டவுனில் குடியிருந்துகொண்டு பொங்கோலில் படகு வைத்திருப்பவனுக்கு எம்ஆர்டிதான் லாரி. எஃகு புரொப்பெல்லரைப் பழைய துண்டில் சுற்றி முதுகுப்பையில் போட்டு, ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறிப் போவேன். பக்கத்து வீட்டு அம்மா அது எந்த ஊர் மின்விசிறி என்று கேட்டதுண்டு. படகு கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கியது: 17 அடி, பின்னால் 115 குதிரைத்திறன் அவுட்போர்டு. வார இறுதியில் ஜொகூர் நீரிணையில் நீர்ச்சறுக்கும் வேக்போர்டும் ஓடும்.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்குப் படகு எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்குதான் பிட்ச். பிட்ச் கூடினால் வேகம், குறைந்தால் இழுவை. கடையில் கேட்டால் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சறுக்குப் படகுக்கு அந்த வேகத்தால் பெரிய பலனில்லை. உலக ஸ்லாலம் போட்டியிலேயே ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. நம் ஆட்கள் அதில் முக்கால்வாசியைத் தொட்டாலே கத்துவார்கள். படகு திணறுவது வேறு இடத்தில்: தொண்ணூறு கிலோ நண்பர் தண்ணீரில் குந்தியிருக்கிறார், கயிறு இறுகுகிறது, மூக்கு மேலே தூக்குகிறது, படகு மட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறது. புரொப்பெல்லரை அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் வாங்க வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? வேகமானியை விடுங்கள், டாக்கோமீட்டரைப் பாருங்கள். முழு த்ராட்டிலில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம் சுற்ற வேண்டும் என்று கையேட்டில் ஓர் எல்லை போட்டிருக்கும். எங்களுடையது 5000 முதல் 6000. ஆளும் சாமானும் ஏற்றிய நிலையில் அந்த எல்லையின் மேல்பாதியில் முள் நிற்க வேண்டும். படகோடு வந்த 19 பிட்ச் புரொப்பெல்லரில் 5100-ஐத் தாண்டவில்லை. பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 17 மாட்டியதும் 5500 வந்தது, நண்பரும் ஒரே இழுப்பில் எழுந்தார். முள் கீழே நின்றால் என்ஜின் அலட்டாமல் ஓடுவதுபோலத் தோன்றும். உண்மையில் அது மலையேற்றத்தில் டாப் கியரில் மாட்டிக்கொண்ட நிலை. சூடு ஏறும், கரி படியும், பிஸ்டன் அடி வாங்கும். மறுபக்கம், பிட்சை அளவுக்கு மீறிக் குறைத்தால் முள் 6000-ஐத் தாண்டும், ஆர்பிஎம் கட்டுப்படுத்தி குறுக்கிட்டு என்ஜினின் சுற்றை வெட்டும்.

தயாரிப்பாளர்களின் அட்டவணையை அப்படியே நம்பி வாங்காதீர்கள் என்று சொல்ல நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் இலேசான சுமையோடு, சுத்தமான அடிப்பகுதியோடு, நம்மைவிடக் குளிர்ந்த காற்றில் நடப்பவை. சிங்கப்பூரின் சூடான ஈரக் காற்றில் ஆக்சிஜன் குறைவு, என்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். தண்ணீரிலேயே கிடக்கும் படகென்றால் கொட்டலசு வேறு ஒட்டிக்கொள்ளும். அட்டவணை சொல்வதைவிட ஓர் அங்குலம் கீழே யோசித்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன் இரவல் வாங்கிச் சோதிக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீரோட்டம் நிற்கும் வேளையில் இரு திசையிலும் ஓட்டி, ஜிபிஎஸ் வேகத்தின் சராசரியை எடுங்கள். வழக்கமான ஆட்கள், ஐஸ் பெட்டி, பாதி டாங்கி பெட்ரோல் எல்லாம் இருக்கட்டும்.

கணக்கு பிடித்தவர்களுக்கு: ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால் ஏட்டளவு வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். எங்களுக்கு 5500, 17, விகிதம் 2.07. வருவது சுமார் 69. ஜிபிஎஸ் காட்டியது 60. இடைவெளி 13 விழுக்காடு, அதுதான் வழுக்கல். பத்து முதல் இருபதுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். அதற்கு மேல் போனால் புரொப்பெல்லரை மாற்றுவதற்கு முன் என்ஜின் மாட்டிய உயரத்தைப் பாருங்கள். உயரம் கூடிவிட்டால் திருப்பத்தில் காற்றை உறிஞ்சி என்ஜின் ஊளையிடும்.

நான்கு பிளேடா மூன்றா? உச்ச வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமென்றால் இழுவைக்கு நான்கே மேல். தாழ்ந்த வேகத்திலும் படகு மட்டத்தில் நிற்கும், திருப்பத்தில் பிடி விடாது, அதிர்வும் குறையும். ஆனால் நான்காவது பிளேடு ஆர்பிஎம்மைக் குறைக்கும், அதனால் பிட்சையும் ஓர் அங்குலம் இறக்க வேண்டும்.

உலோகத்தில்தான் சண்டை. எங்கள் பெர்த்தில் ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, எஸ்எஸ் போட்டா நல்லா இழுக்குமா?" "இழுக்கும். மிதக்குற கட்டையில இடிச்சா கியர்பாக்ஸையும் சேத்து இழுக்கும்." எஃகு பிளேடு மெலிதாக, வளையாமல் இருப்பதால் தண்ணீரை நன்றாகக் கடிக்கும், விலையும் பலமடங்கு. அலுமினியம் சுமையில் லேசாக வளையும், இடித்தால் தானே உடைந்து தண்டைக் காப்பாற்றும். நான் எஃகை மாட்டி ஓட்டுகிறேன், ஆனால் நீரிணையில் மழைக்குப் பின் மரக்கட்டையும் நைலான் கயிறும் மிதப்பது வழக்கம் என்பதால் அடைமழைக்கு மறுநாள் அலுமினியம்தான். உடைவது எப்போதும் நஷ்டமில்லை: 1830களில் லண்டன் கால்வாயில் புரொப்பெல்லர் முன்னோடி பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தின் மரத் திருகு பாதியாக ஒடிந்தபோது படகு முன்னைவிட வேகமாகப் போனதாம்.

மாற்றும்போது கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றிவிட்டுத்தான் தொடுவேன். பிளேடுக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் மரத்துண்டு செருகினால் சுழலாது. நட்டைக் கழற்றிப் புரொப்பெல்லரை உருவியதும் தண்டில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர் நழுவிக் கடலுக்குள் போகும், கையை அடியில் பிடியுங்கள். தண்டின் பற்களுக்குக் கடல் கிரீஸ் தடவுங்கள். அப்படியே தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது சீலை அறுத்தால் கியர் எண்ணெயில் தண்ணீர் புகும். புதிய புரொப்பெல்லரின் உள்வளையத்திலும் வெளி உருளையிலும் ஒரே நேர்க்கோடாக மார்க்கரால் கிழித்து வைப்பேன். இடித்த பிறகு கோடு விலகியிருந்தால் ரப்பர் புஷ் சுற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது என்ஜின் உறுமும், படகு நகராது. மெதுவாகக் கரைக்கு வந்து புஷ்ஷை மாற்றுங்கள். பழைய 19 பிட்சை விற்கவில்லை. ஒரு நட்டு, பின், ஸ்பானரோடு இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.