நூலகத்தில் இளையோர் தொண்டு



நூலகம் என்றவுடன் நூல்களை இரவல் பெறும் இடம் என்றே நாம் எண்ணுகிறோம். அங்கிருந்து பெறுவதைப் போலவே அதற்கு நாம் கொடுப்பதற்கும் வழியுண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பொருளைக் கொடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரு மணி நேர உழைப்பைக் கொடுத்தாலே போதும். இதனையே நூலகத் தொண்டூழியம் என்கிறோம். இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவிருக்கும் ஆறாம் ஆண்டு மாணவர்களை முன்னிட்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஓர் எறும்பு நூலின் கதை

சென்ற ஆண்டு நம் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பொது நூலகம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அறிவியல் பாடத்திற்காக எறும்புகளைப் பற்றிய தமிழ் நூல் ஒன்றை ஒரு மாணவன் தேடினான். நூல் உள்ளதென்று கணினிப் பட்டியல் காட்டியது. தட்டிலோ அதனைக் காணவில்லை. அரை மணி நேரம் தேடியும் கிட்டாமையால் அவன் முகம் வாடிற்று.

அன்று அந்நூலகத்தில் மாணவி ஒருத்தி தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம் பள்ளியின் முன்னாள் மாணவி. இப்போது மூன்றாம் படிவத்தில் பயில்பவள். சனிக்கிழமைதோறும் அங்குத் தொண்டூழியம் புரிபவள். நாங்கள் புறப்படும் வேளையில் அவள் அந்நூலைக் கையில் ஏந்தியவாறு விரைந்து வந்தாள். சமையற்கலை நூல்களுக்கு நடுவே அது செருகப்பட்டிருந்ததாம்! படித்தவர் எவரோ கைக்கு எட்டிய இடத்தில் வைத்துச் சென்றுவிட்டார். அந்நூலின் தேதிச் சீட்டைப் பார்த்தோம். கடைசியாகக் குத்தப்பட்டிருந்த முத்திரை நான்கு ஆண்டுகளுக்கு முந்தியது.

இடம் மாறிய நூல் இல்லாத நூலுக்குச் சமம். நெடுங்காலம் எவரும் எடுக்காத நூல்களை, புதியவற்றிற்கு இடம் தரும்பொருட்டு, நூலகங்கள் தட்டிலிருந்து நீக்கிவிடுவதும் வழக்கம். ஆகவே, ஒரு நூலை அதற்குரிய இடத்தில் வைப்பது சிறு வேலையன்று. அந்நூலைக் காக்கும் வேலையாகும்.

எண்களின் ஒழுங்கு

தொண்டூழியர் முதலில் கற்க வேண்டியது நூலின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் எண்ணின் பொருளையே. மெல்வில் டூயி என்னும் அமெரிக்க நூலகர் 1876-ஆம் ஆண்டில் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். உலகின் பல நூலகங்கள் இம்முறையையே பின்பற்றுகின்றன. இது மனித அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுக்கிறது. சான்றாக, 500 முதல் 599 வரை அறிவியலுக்கும், 600 முதல் 699 வரை தொழில்நுட்பத்திற்கும், 800 முதல் 899 வரை இலக்கியத்திற்கும் உரியவை. எறும்புகளுக்குரிய எண் 595.796, சமையற்கலைக்குரியது 641.5. நம் மாணவன் தேடிய நூல் எவ்வளவு தொலைவு சென்றுவிட்டது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811 ஆகும். மலையாள இலக்கியம் 894.812, சீன இலக்கியம் 895.1, மலாய் இலக்கியம் 899.28. இவ்வெண்களின்படி அடுக்கினால் நம் நாட்டு மக்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வதைப் போலவே அவர்தம் இலக்கியங்களும் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். எனினும், மொழிவாரியாகத் தனித்தனித் தட்டுகள் அமைக்கும் நூலகங்களும் பல உள்ளன.

இங்கு மாணவர் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. 894.811, 894.9 ஆகிய இரண்டனுள் முன்னே நிற்க வேண்டியது எது? ஒன்பது சிறியது, எண்ணூற்றுப் பதினொன்று பெரியது என்று கருதி 894.9-ஐ முன்னே வைத்துவிடுவர். அது தவறாகும். தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். முதல் இலக்கங்கள் 8, 9. எட்டு சிறியது, ஆதலால் 894.811 முன்னே நிற்கும். கணிதப் பாடத்தில் கற்ற தசமம் நூலகத்தில் இவ்வாறு பயன்படுகிறது. எண்கள் ஒன்றாக இருந்தால், கீழே குறித்துள்ள ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளை நோக்கி அகரவரிசையில் அடுக்க வேண்டும்.

நூலகவியலில் பெரும்புகழ் பெற்ற சீ. இரா. அரங்கநாதன் அவர்களும் முதலில் கணித ஆசிரியராகவே விளங்கினார். சீர்காழியில் 1892-இல் பிறந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூல் 1931-இல் வெளிவந்தது. படிக்க வருவோரின் காலம் வீணாகாமற் காப்பது நூலகத்தின் கடமை என்பது அவ்விதிகளுள் ஒன்றன் கருத்தாகும். அரை மணி நேரம் வீணே தேடிய நம் மாணவனுக்கு இவ்விதியின் அருமை நன்கு விளங்கும்.

நூலைப் பேணும் முறை

தட்டிலிருந்து நூலை எடுக்கும்போது அதன் முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுத்தலாகாது; அட்டை கிழிந்துவிடும். இருபுறமும் உள்ள நூல்களைச் சற்று உள்ளே தள்ளி, வேண்டிய நூலின் நடுப்பகுதியைப் பிடித்து எடுத்தல் வேண்டும். தட்டில் நூல்களை நெருக்கித் திணிக்கக் கூடாது. சாய்ந்து கிடக்கவும் விடக் கூடாது.

மழையும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் ஈரப்பதமே நூல்களுக்குப் பெரும்பகை. ஈரம் மிகுந்தால் தாள்களில் பூஞ்சணம் பூக்கும். இராமபாணப் பூச்சிகளும் பெருகும். பூஞ்சணம் பிடித்த நூலைக் கண்டால் மற்ற நூல்களுடன் சேர்க்காது நூலகரிடம் ஒப்படைக்க வேண்டும். கிழிந்த தாளைச் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் கேடே. நாளடைவில் அதன் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும்.

சிறுவர்க்குக் கதை படித்தல்

இளையோர் ஆற்றக்கூடிய தொண்டுகளுள் மிகவும் இனியது, சிறுவர்களுக்குக் கதை படித்துக் காட்டுவதாகும். கதை நேரத்திற்கு முன்பே நூலை இருமுறையேனும் வாய்விட்டுப் படித்துப் பழக வேண்டும். படங்கள் சிறுவர்களுக்குத் தெரியுமாறு நூலை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தல் நன்று. இடையிடையே நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று வினவினால் அவர்கள் ஆவலுடன் விடை கூறுவர்.

பலர் முன்னிலையில் பேச அஞ்சும் மாணவனும் நான்கு சிறுவர்கள் முன்னே அஞ்சான். இவ்வாறு படித்துப் பழகியவன் பின்னாளில் மேடையிலும் தயங்காது பேசுவான். பிறர்க்கு உதவப் போன இடத்தில் தனக்கே பயன் விளைவதைக் காணலாம்.

அண்டை நாட்டிலிருந்து சில எடுத்துக்காட்டுகள்

சிங்கப்பூரில் ஜூரோங் வட்டார நூலகம் 2004-இல் புதுப்பொலிவு பெற்றபோது, பதின்ம வயதினருக்கென்று ஒரு மாடி ஒதுக்கப்பட்டது. அதனை அமைப்பதில் இளையோரின் கருத்துகளுக்கும் இடமளிக்கப்பட்டது. அதே ஆண்டில், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர்களுக்குத் தொண்டூழியர்கள் நூல் படித்துக் காட்டும் 'கிட்ஸ்ரீட்' திட்டமும் தொடங்கப்பெற்றது. 2013-இல் சைனாடவுன் பகுதியில் திறக்கப்பட்ட பொது நூலகமோ, தொண்டூழியர்களே நடத்தும் நூலகமாக அமைக்கப்பட்டது.

தமிழர்களாகிய நாம் சிறப்பாகக் கருத வேண்டிய முயற்சி மற்றொன்று. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் திரட்டி மின்வடிவில் காக்கும் பணியில், அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்துடன் தமிழ்த் தொண்டூழியர்கள் கைகோத்தனர். 300-க்கும் மேற்பட்ட நூல்கள் அதனால் மின்வடிவம் பெற்றன. நூல்களைச் சேர்க்கவும் பிழைகளைத் திருத்தவும் பலருடைய கைகள் உழைத்தன.

நம் நாட்டிற்கும் நூலக மரபு புதிதன்று. பினாங்கு நூலகம் 1817-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 2020-ஆம் ஆண்டிற்கான உலக நூல் தலைநகராகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது. இப்பெருமை நிலைக்க வேண்டுமானால் இளைய தலைமுறையின் பங்கு இன்றியமையாததாகும்.

தொண்டூழியர்க்குரிய நெறிகள்

முதலாவதாக, பெற்றோரின் இசைவையும் நூலகரின் அனுமதியையும் பெற்ற பின்னரே தொண்டில் இறங்க வேண்டும். இரண்டாவதாக, ஒப்புக்கொண்ட நாளில் ஒப்புக்கொண்ட நேரத்திற்குச் செல்ல வேண்டும். வர இயலாவிடின் முன்னரே தெரிவித்தல் கடமை. மூன்றாவதாக, யார் எந்நூலை எடுத்துப் படித்தார் என்பதை வெளியே சொல்லலாகாது. ஒருவர் படிக்கும் நூல் அவருடைய சொந்த விவகாரம். நான்காவதாக, நற்சான்றிதழ் ஒன்றையே நாடித் தொண்டு செய்தலாகாது. சான்றிதழ் கிடைத்த மறுவாரமே நின்றுவிடுபவரால் தட்டுகளின் ஒழுங்கு நிலைக்காது.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

நம் பள்ளி வள மையத்தில் நூல்களை அடுக்கியும், நீலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ்ப் படித்த நூல்களைக் குறித்தும் பழகிய மாணவர்கள் நீங்கள். ஆனால், இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் தமிழ் நூலைக் கையில் எடுக்கும் வாய்ப்பு உங்களுள் பலருக்குக் குறைந்துவிடும். பாடச் சுமை ஒருபுறம், கைப்பேசி மறுபுறம். பதின்மூன்று வயதிற்கும் பதினேழு வயதிற்கும் இடையே தமிழ் வாசிப்பை நழுவவிட்டுப் பின்னர் வருந்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த எறும்பு நூலைக் கண்டெடுத்த மாணவியிடம், "தொண்டூழியத்தால் உனக்கு என்ன பயன்?" என்று வினவினோம். "அடுக்குவதற்காகக் கையில் எடுக்கும் நூல்களில் வாரம் ஒன்றையாவது வீட்டிற்குக் கொண்டு செல்கிறேன், ஐயா. இல்லாவிட்டால் தமிழ் படிப்பதையே விட்டிருப்பேன்" என்றாள். இதைவிடச் சிறந்த விடை நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே, மாணவச் செல்வங்களே! எந்த ஊருக்குச் சென்றாலும் அவ்வூர் நூலகத்தின் தமிழ்த் தட்டைத் தேடிச் செல்லுங்கள். ஒரு நூலை இரவல் பெறுங்கள். இடம் மாறிக் கிடக்கும் நூலை நூலகரிடம் காட்டுங்கள். வயது வந்ததும் தொண்டூழியராகச் சேருங்கள். தமிழ்த் தட்டில் தூசி படியாதிருப்பது உங்கள் கைகளில்தான் உள்ளது.

பயிற்சி

1. இடம் மாறிய நூல் இல்லாத நூலுக்குச் சமம் என்பது ஏன்?
2. பின்வரும் எண்களை வரிசைப்படுத்துக: 899.28, 641.5, 894.811, 595.796, 895.1, 894.9.
3. தட்டிலிருந்து நூலை எடுக்கும் முறையை விளக்குக.
4. உன் தம்பி அல்லது தங்கைக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டி, அவர் கேட்ட வினாக்களை எழுதி வருக.