சபைப் பொறுப்புக்குப் புதிதாய் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

பொறுப்பு ஏற்கிறவர்களுக்குத் தாவீதையும் தானியேலையும் முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். நான் உங்களை ராஜாக்கள், நாளாகமப் புத்தகங்களில் வரும் பொல்லாத ராஜாக்களிடம் அனுப்புகிறேன். அவர்கள் எந்த விக்கிரகத்தை வணங்கினார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தங்களிடம் உண்மையைச் சொன்னவனை அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துப் பார்த்துப் படியுங்கள்.

1. மனதில் முடிவு செய்துகொண்டு ஆலோசனை கேட்காதீர்கள். சாலொமோன் இறந்தபின் ஜனங்கள் சீகேமில் கூடி, பாரத்தைக் கொஞ்சம் இறக்கும்படி ரெகொபெயாமைக் கேட்டார்கள். அவன் மூன்று நாள் தவணை வாங்கினான். முதியோர் இணங்கிப் போகச் சொன்னார்கள். அந்தச் சொல்லைத் தள்ளிவிட்ட பிறகுதான் தன்னோடு வளர்ந்தவர்களைக் கேட்டான். இளரத்தம் என்று சொல்லிச் சிலர் அவனை மன்னிக்கிறார்கள். அப்போது அவனுக்கு வயது 41. பிடித்த பதில் கிடைக்கும்வரை ஆள் மாற்றி ஆள் கேட்டதில் பத்துக் கோத்திரங்கள் கைவிட்டுப் போயின.

2. பயத்தில் எடுக்கிற முடிவு உங்களுக்குப் பின்னும் உயிரோடிருக்கும். அந்தப் பத்துக் கோத்திரங்களின் ராஜாவான யெரொபெயாமுக்கு ராஜ்யத்தை வாக்களித்தது அகியா தீர்க்கதரிசி. ஆனாலும் ஜனங்கள் பண்டிகைக்கு எருசலேம் போனால் மனம் மாறிவிடுவார்களோ என்று அஞ்சி, பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்தினான். லேவியரல்லாதவர்களை ஆசாரியராக்கினான், பண்டிகை மாதத்தையும் மாற்றினான். தற்காலிக ஏற்பாடு என்றுகூட நினைத்திருக்கலாம். பின்னாளில் பாகாலை வேரறுத்த யெகூ ராஜாகூட அந்தக் கன்றுக்குட்டிகளில் கைவைக்கவில்லை. கி.மு. 722ல் சமாரியா அசீரியரிடம் விழுந்ததற்குக் காரணம் எழுதும்போது வேதம் யெரொபெயாமின் பெயரைத்தான் மறுபடியும் சொல்கிறது.

3. நாபோத்தின் கதையை ஆகாபின் கதையாக மட்டும் படிக்காதீர்கள். இதில் நீங்கள் நின்று நிதானிக்க வேண்டும்.

ஆகாப் சின்ன ராஜா அல்ல. கி.மு. 853ல் நடந்த கர்கார் போரில் அவனுக்கு 2,000 ரதங்களும் 10,000 காலாட்களும் இருந்ததாக அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாரின் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் போரைப் பற்றி வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கோ முழு அதிகாரமே ஒதுக்கப்பட்டிருக்கிறது! அவன் அதைக் கீரைக்கொல்லையாக்கக் கேட்டான். விலையும் தருவதாகச் சொன்னான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கைமாற்ற நாபோத் மறுத்தான். லேவியராகமச் சட்டம் அவன் பக்கம் இருந்தது. ராஜா சாப்பிடாமல் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். ராணி யேசபேல் அவன் பெயரால் நிருபம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு அனுப்பினாள். தன் முத்திரை எங்கே போனது, தோட்டம் எப்படிக் கிடைத்தது என்று ஆகாப் கேட்கவேயில்லை.

ஆனால் அந்த நிருபம் யாருக்குப் போனது? நாபோத்தின் சொந்த ஊரான யெஸ்ரயேலின் மூப்பருக்கும் பெரியோருக்கும். அவனை அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள்தான் உபவாசம் கூறினார்கள், பொய்ச்சாட்சிகள் இரண்டு பேரை எதிரே உட்காரவைத்தார்கள், கல்லெறிந்து கொன்றதும் ராணிக்குச் சேதியும் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவராவது மறுத்ததாக எழுதப்படவில்லை. பிள்ளைகளே, உங்களில் எவரும் ஆகாப் ஆகப்போவதில்லை. ஆனால் அந்த மூப்பர்களைப்போல ஒரு காகிதம் உங்கள் முன்னால் கையெழுத்துக்கு வரும். மேலிடத்தின் முத்திரையும் அதில் இருக்கும், ஜெபத்தோடேயே கூட்டமும் தொடங்கும். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து அநியாயம் என்று தெரிந்தால், நான் போடமாட்டேன் என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.

4. நானூறு பேர் ஒரே குரலில் ஆமென் சொன்னால் எச்சரிக்கையாயிருங்கள். ஆகாப் ராமோத் கீலேயாத்துக்குப் போருக்குப் போகலாம் என்று அத்தனை தீர்க்கதரிசிகளும் சொன்னார்கள். மிகாயா ஒருவன் மாற்றிச் சொன்னான். அவனுக்குச் சிறைவாசம் கிடைத்தது. ஆகாப் வேஷம் மாறிப் போயும் எவனோ குறிபாராமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் பாய்ந்தது.

5. மூத்தவர்கள் போனபின்தான் உங்கள் பக்தி எவ்வளவு என்று தெரியும். யோவாஸ் ஏழு வயதில் ராஜாவானான். ஆசாரியன் யோய்தா இருந்தவரை ஒழுங்காயிருந்தான், ஆலயத்தைப் பழுதுபார்த்தான். யோய்தா 130 வயதில் இறந்ததும் பிரபுக்கள் வந்து வணங்கி நின்றார்கள். வணங்கியவர்கள் பேச்சு இனித்தது. யோய்தாவின் மகன் சகரியா எழுந்து கண்டித்தபோது, ராஜாவின் கட்டளைப்படி ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொன்றார்கள். தன்னை உயிர்காத்து வளர்த்தவரின் மகன்! இதை வாசிக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. ஆசாரியனான யோய்தாவை ராஜாக்களோடு அடக்கம்பண்ணினார்கள். ராஜாவான யோவாஸுக்கு அந்தக் கல்லறைகளில் இடம் கொடுக்கவில்லை.

6. கடிந்துகொள்ளும் கடிதத்தைக் கிழிக்காதீர்கள். யோயாக்கீம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுருப் பலகையும் ஜாதிலிங்க வருணமுமாக வீடு கட்டினவன். எரேமியாவின் சுருள் வாசிக்கப்பட்டபோது கணப்பின் முன் உட்கார்ந்து, மூன்று நான்கு பத்தி வாசித்ததும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சியும் கேட்கவில்லை. அவன் தகப்பன் யோசியா, நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டவன். எரிந்த சுருளை எரேமியா சொல்லச் சொல்ல அவனுடைய எழுத்தனான பாருக்கு மறுபடி எழுதினான், முன்னைவிட அதிகமான வார்த்தைகளோடு.

7. நல்லது தெரிந்தும் பேசாமலிருப்பது நடுநிலை ஆகாது. சிதேக்கியா இரகசியமாக எரேமியாவை அழைத்துக் கேட்பான். பிரபுக்கள் கேட்டதும் அவனை அவர்கள் கையில் விட்டுவிடுவான். அவர்கள் இறக்கிவிட்ட சேற்றுக் குழியிலிருந்து தீர்க்கதரிசியைத் தூக்கியது எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தைத் துணியும் கொண்டுபோனான்.

8. மனந்திரும்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். மனாசேயை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். எசேக்கியாவின் மகன், 55 வருஷம் ஆண்டவன், தன் பிள்ளைகளையே தீக்கடக்கப்பண்ணினவன். ராஜாக்கள் புத்தகத்தோடு நிறுத்தினால் அவனுக்கு நம்பிக்கையே இல்லை. நாளாகமத்தையும் சேர்த்துப் படியுங்கள்: பாபிலோனில் விலங்குண்டு கிடந்தபோது தன்னைத் தாழ்த்தினான், கர்த்தர் கேட்டார், திரும்ப வந்தான். எவ்வளவு தூரம் போனவனுக்கும் வழி உண்டு என்று நான் தைரியமாய்ச் சொல்வது இவனை வைத்துத்தான். ஆனால் வந்தபின் விக்கிரகங்களை நகரத்துக்கு வெளியே போட்டான், உடைத்ததாக எழுதப்படவில்லை. தகப்பன் செய்துவைத்த அந்த விக்கிரகங்களுக்கே மகன் ஆமோன் பலியிட்டான். அவற்றைத் தூளாக்கும் வேலை பேரன் யோசியாவின் தலையில் விழுந்தது.